துயரச் செய்தி நயமுரைப்புத் துறை

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதைக்கூட மிகுந்த பரிவோடுதான் அனுப்புவார்கள், அந்த அளவுக்கு அங்கே பரிவு பெருகிக் கிடக்கிறது. ஆகவே பெயர் வேண்டாம்.

முன்பெல்லாம் அங்கே புற்றுநோய்க்காரர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லும் வேலையை வயதான டாக்டர் ஒருவரே பார்த்துவந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். “இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. வூட்டுக்குக் கூட்டிக்கினு போயி வாய்க்குப் பிடிச்சதைச் செஞ்சி குடுங்க” என்பார். கேட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். அவரும் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த ஆள் உள்ளே வருவார். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், ஒரு கவுன்சிலரின் மச்சான் செய்தி கேட்ட ஆத்திரத்தில் வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டியை உடைத்துவிட்டார். அத்தனையும் வெளிநாட்டு மீன்கள். நிர்வாகம் அவசரமாகக் கூடியது. கோளாறு நோயில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. வயதான டாக்டரை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் இருந்த இடத்தில் ‘துயரச் செய்தி நயமுரைப்புத் துறை’ என்ற ஒன்றைத் தொடங்கினார்கள்.

துறைக்கென்று தனியறை ஒன்று உண்டு. அதற்கு ஆறுதல் அறை என்று பெயர். சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து ஒரு அம்மையார் வந்து, சுவரையே வெகுநேரம் பார்த்துவிட்டு, வெளிர் ஊதா என்றார். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார்கள், நோயாளிக்குக் காலம் நினைவுக்கு வரக்கூடாதாம். கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியைக் கை எட்டும் தூரத்தில், ஆனால் கண்ணில் படாதபடி வைத்தார்கள். கண்ணில் பட்டால் செய்தி முன்கூட்டியே கசிந்துவிடும். ஊழியர்கள் எல்லாருக்கும் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பேசும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி தலையைச் சாய்த்து, “உங்க வலி எனக்குப் புரியுது சார், வண்டிய அந்தாண்ட போடுங்க” என்றார். கேன்டீனில் இட்லி தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று யாரும் சொல்வதில்லை. “இட்லியைப் பத்தி நீங்க என்ன எதிர்பார்த்து வந்தீங்க?” என்று முதலில் கேட்பார்கள்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் சவுரிராயன் தன் மனைவி பூமாலையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சவுரிராயனுக்குத் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் பக்கம். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். பூமாலை களையெடுக்க, மல்லாட்டை பிடுங்க, நூறு நாள் வேலைக்கு என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறவள். அவளுக்கு வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வலித்தது. கண் மஞ்சளித்தது. காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. இடுப்புச் சேலை நிற்காமல் நழுவியது. திண்டிவனம் டாக்டர் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கு எழுதிக்கொடுத்தார். வந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள், எல்லாம் ஆயிற்று. என்ன நோய் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சவுரிராயனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அவர்களுடைய ஒரே மகன் அறிவுச்செல்வன் குவைத்தில் ஏசி மெக்கானிக். கம்பெனி ஒரே ஒரு லீவுதான் தரும். வந்துவிட்டுத் திரும்பினால் அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஊர்ப்பேச்சே எடுக்கமுடியாது. “அப்பா, நான் இப்ப வரட்டா, கிறிஸ்மஸுக்கு வரட்டா? டாக்டரைக் கேட்டுச் சொல்லுப்பா” என்று தினமும் போனில் கேட்டான். அப்போது செப்டம்பர் மாதம், வேளாங்கண்ணியில் திருவிழா முடிந்து கொடி இறக்கியிருந்தார்கள். பூமாலைக்கு மகன் கிறிஸ்மஸுக்கு வரவேண்டும் என்றுதான் ஆசை. அவன் வாங்கிவரும் சேலையைக் கட்டிக்கொண்டு, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசை பார்க்கவேண்டும். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. “டாக்டரு என்னா சொல்றாரோ அத அப்பிடியே வந்து சொல்லுய்யா. எங்கிட்ட மறைக்காத” என்று புருஷனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

முதல் நாள் அவளை உள்ளே விடவில்லை. உறவினர் செய்தியை முழுமையாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்பது துறையின் விதி. நோயாளி வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்காரலாம். ஆறுதல் அறையில் டாக்டர் கோகுலகிருஷ்ணன் இருந்தார். வயது குறைவு, பெங்களூருக்குப் போய் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். தலை பிசகாமல் சரியான சாய்வில் இருந்தது.

“உங்க மனைவியோட உடல்நிலையைப் பத்தி நீங்க என்ன புரிஞ்சி வச்சிருக்கீங்க?”

“எனக்கு என்னா சார் தெரியும்? மூட்ட தூக்கறவன். நீங்கதான் சொல்லணும்.”

“ரொம்ப நல்லது. எவ்வளவு தெரிஞ்சிக்க விரும்புறீங்க? முழுசாவா, மேலோட்டமாவா, இல்ல இப்போதைக்கு வேணாமா?”

“முழுசாவே சொல்லிடுங்க சார். பையன் குவைத்துல இருக்கறான், வரட்டுமா வேணாமான்னு கேட்டுக்கினே...”

டாக்டர் தலையை அடுத்த பக்கத்துக்குச் சாய்த்தார். “முழுசான்னா அது தனி அமர்வு. வியாழக்கிழமை வாங்க.”

வேப்பமரத்தடியில் பூமாலை எழுந்து நின்றாள். “என்னா சொன்னாங்க?”

“எனக்கு என்னா தெரியும்னு கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“ஒண்ணும் தெரியாதுன்னேன்.”

“அடப் பாவி மனுசா. அதச் சொல்லறதுக்கா இம்மாந்தூரம் பஸ்ஸு ஏறி வந்தோம்?”

வியாழக்கிழமை வந்தார்கள். அன்று எச்சரிக்கை வாக்கியம். கெட்ட செய்திக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை வாக்கியம் சொல்லவேண்டும், அது மனதில் இறங்கும்வரை மௌனம் காக்கவேண்டும், உறவினர் தாமாகப் பேசும்வரை டாக்டர் வாய் திறக்கக்கூடாது. கோகுலகிருஷ்ணன், “நாம ஒரு கனமான விஷயத்தைப் பேசப்போறோம்” என்றார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார். சவுரிராயன் காத்திருந்தார். டாக்டர் அவருடைய நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இமைக்கவில்லை. பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர் சவுரிராயன், அதனால் அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவுரிராயனுக்குத்தான் முதலில் பயம் வந்தது. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “நர்சம்மா! ஜல்தியா வாங்க, டாக்டருக்கு என்னமோ ஆயிடுச்சி, பேச்சு மூச்சு இல்ல!” என்று கத்தினார்.

அத்தோடு அமர்வு கெட்டது. மௌனம் கலைந்துவிட்டால் மறுபடி எச்சரிக்கையிலிருந்து தொடங்கவேண்டுமாம். அடுத்த வாரம் வரச்சொன்னார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, எனக்கும் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் பூமாலைக்குக் கேப்பைக் கூழ்கூட இறங்கவில்லை. இரண்டு வாய் குடிப்பாள், ஓடிப்போய் வாந்தியெடுப்பாள். அரிப்பு தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். மகன் போனில், “என்னாப்பா சொன்னாங்க? கம்பெனில கேக்கறாங்கப்பா” என்றான். “சொல்லப்போறோம்னு சொல்லியிருக்காங்கடா” என்றார் சவுரிராயன். அதற்கு மேல் அவரால் என்ன சொல்லமுடியும்?

அடுத்த வாரம் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. தரச்சான்றிதழ் கொடுக்கும் குழு டெல்லியிலிருந்து வந்திருந்தது. கெட்ட செய்தி சொல்வதில் தென்னிந்தியாவிலேயே முதல் சான்றிதழ் தங்களுக்குத்தான் கிடைக்கவேண்டும் என்று நிர்வாக இயக்குநர் அரங்கநாதன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை. ஒரு கெட்ட செய்தியைக் குழுவின் கண்ணெதிரே சொல்லிக் காட்டவேண்டும். உண்மையான நோய், உண்மையான உறவினர், உண்மையான செய்தி. நடிப்பு கூடாது.

அந்தப் பொறுப்பு துறையின் ஒருங்கிணைப்பாளர் நர்ஸ் பிரபாவதியிடம் இருந்தது. நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவள். உண்மையான உறவினரை அழைக்கவேண்டும் என்று அதில் இருந்தது. உறவினரைப் பதறவைக்கும் எந்தச் சொல்லையும் முன்கூட்டிப் பயன்படுத்தக்கூடாது என்றும் இருந்தது. அவள் இரண்டையும் கடைப்பிடித்தாள். வேப்பமரத்தடிக்கு வந்து, தலையைச் சாய்த்து, “அண்ணே, பயப்படாதீங்க. சும்மா ஒரு பயிற்சிதான். மேடையில வந்து டாக்டரு எதிர்ல உக்காருங்க. உங்க வீட்டம்மாவையே நெனச்சிக்கிங்க, இயல்பா வரும்” என்றாள்.

“நாடகமா?” என்றார் சவுரிராயன். மாதா கோயிலில் ஏசு பாடுபட்ட கதையைப் போடும் பாஸ்கா நாடகத்தில் அவர் படைவீரன் வேஷம் கட்டி ஈட்டி பிடித்து நின்றவர்.

“அப்படி வச்சிக்கிங்களேன்” என்றாள் பிரபாவதி. மறுத்துச் சொன்னால் பதறிவிடுவாரே.

“இத முடிச்சா எங்க விசயத்தச் சொல்லிடுவீங்களாம்மா?”

“எல்லாம் சொல்லிடுவாங்க அண்ணே.”

“நீ இங்கியே குந்தியிரு, நான் போயிட்டு வந்துடறேன்” என்று பூமாலையிடம் சொல்லிவிட்டு அவர் போனார்.

முதலில் அரங்கநாதன் பேசினார். “பெரியோர்களே, ஒரு காலத்தில் நம் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகள் அழுதுகொண்டே வெளியே போனார்கள். பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? மற்ற நோயாளிகள் உள்ளே வரத் தயங்குவார்கள் அல்லவா? இன்று அந்த நிலை இல்லை. எல்லாரும் உள்ளேயே அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே போகிறார்கள். இந்தத் துறை வந்த பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். நம்மால் குணப்படுத்த முடியாமல் போகலாம். அது கடவுள் கையில். ஆனால் நம்மைப் பற்றி யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்.” குழுவினர் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

பிறகு கோகுலகிருஷ்ணனும் சவுரிராயனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் இருந்ததால் நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது, அது அந்தரங்கம். அன்று தெளிவான மொழிக்குத் தனி மதிப்பெண் இருந்தது. ஆகவே டாக்டர் வாழ்நாளில் முதல்முறையாகத் தெளிவாகப் பேசினார்.

“உங்க மனைவிக்கு வந்திருக்கிறது புற்றுநோய். கணையத்துல ஆரம்பிச்சி ஈரலுக்குப் பரவிடுச்சி. அதனாலதான் கண்ணு மஞ்சளாச்சி, உடம்பு அரிக்குது. அறுவை சிகிச்சை செய்யிற கட்டம் தாண்டிடுச்சி. வலி தெரியாம நாங்க பாத்துக்கறோம்.”

நம்ம கதையையே எடுத்துக்கினாங்க போல என்று நினைத்துக்கொண்டார் சவுரிராயன். பிரபாவதி சொன்னபடி பூமாலையை நினைத்தார். சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் பூமாலையை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாடகத்தில் புருஷன்காரன் என்ன கேட்பான் என்று யோசித்தார். தன் வாயில் தயாராக இருந்த கேள்வியையே கேட்டார்.

“எத்தினி நாளு சார் இருப்பா?”

“உறுதியா யாராலயும் சொல்லமுடியாது. ஆனா தீபாவளியத் தாண்டறது கஷ்டம். பாக்கவேண்டியவங்களை இப்பவே வரச்சொல்லிடுங்க.”

சவுரிராயன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். கை எட்டும் தூரத்தில் இருந்த காகிதத்தை டாக்டர் சரியான நேரத்தில் எடுத்து நீட்டினார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. “என்ன இயல்பு! என்ன ஏற்பு!” என்றார் டெல்லிக்காரர். அரங்கநாதன் மேடைக்கு வந்து சவுரிராயனுக்குப் பொன்னாடை போர்த்தினார். டிபன் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார்கள். சவுரிராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

பொன்னாடையோடு நேரே விசாரணை மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

“உங்களுக்குத்தான் சொல்லியாச்சே சார்.”

“யாரும்மா சொன்னாங்க? ஒருத்தரும் சொல்லல. வந்து வந்து பேஜாரா பூடுச்சி.”

அவள் தலையைச் சாய்த்தாள். “புரியுது சார். இதுக்கு மறுப்பு நிலைன்னு பேரு. செய்தி கேட்டவங்க யாருமே தங்களுக்குச் சொல்லலன்னுதான் சொல்வாங்க. ரொம்ப இயல்பு.”

“அய்யோ, நெசமாவே சொல்லலம்மா!”

“அடுத்தது கோபம் சார். நீங்க சரியான வரிசையிலதான் போய்க்கிட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திண்டிவனம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் தாழ்ந்திருந்தது, காற்று அடித்தது. பூமாலைக்கு நடுங்கியது. சவுரிராயன் பொன்னாடையை எடுத்து அவள் தோளில் சுற்றிவிட்டார். பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பிட்டுக் கொடுத்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

“இன்னிக்கும் சொல்லலியா?”

“சொல்லியாச்சின்னு சொல்றாளுங்க. கிறுக்குப் புடிச்சவளுங்க. ஆனா ஏம்மே, உள்ள ஒரே கூத்து. என்னிய வச்சி நாடகம் போட்டானுங்க. ஒரு டாக்டரு, ஒரு புருசன். பொஞ்சாதிக்கு நோவு. நான்தான் புருசன். அழுதேன் பாரு, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டுச்சி.”

“உனுக்கு எப்பிடிய்யா அழுவ வந்திச்சி?”

“உன்னிய நெனச்சிக்கச் சொன்னாங்க. நெனச்சேன், வந்துடுச்சி.”

பூமாலை பொன்னாடையை இழுத்து மூடிக்கொண்டாள். பஸ் விக்கிரவாண்டியில் நின்று கிளம்பியது.

“அந்த டாக்டரு பேசனதச் செஞ்சி காட்டு. நான் புருசன், நீ டாக்டரு.”

சவுரிராயனுக்கு உற்சாகமாகிவிட்டது. அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது, சிரிக்கட்டுமே என்று தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார். பாஸ்கா நாடகத்துக்கு வசனம் பாடம் செய்தவர், ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். “உங்க மனைவிக்கு வந்திருக்கிறது புற்றுநோய். கணையத்துல ஆரம்பிச்சி ஈரலுக்குப் பரவிடுச்சி. அதனாலதான் கண்ணு மஞ்சளாச்சி, உடம்பு அரிக்குது...”

பூமாலை முழங்கையைச் சொறிந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் சவுரிராயனுக்கு வாய் நின்றது.

“ஏன் நிறுத்திட்ட? சொல்லு.”

“மறந்து போச்சி.”

“நாடகந்தானய்யா. புருசன் என்னா கேட்டான்?”

“எத்தினி நாளுன்னு கேட்டான்.”

“டாக்டரு?”

சவுரிராயன் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தீபாவளியத் தாண்டறது கஷ்டம்னாரு” என்றார். “பாக்கறவங்கள இப்பவே வரச்சொல்லுன்னாரு.” சொன்ன பிறகுதான் அது அவருடைய காதில் விழுந்தது. “மாதாவே” என்றார். “ஏம்மே, அது நாடகம்மே. சும்மான்னுதான அந்த நர்சம்மா சொல்லிச்சி. சும்மான்னுதான சொல்லிச்சி!” கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார்.

பூமாலை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “எனுக்குத் தெரியும்யா. என் ஒடம்பு எனுக்குத் தெரியாதா? எத்தினி நாளு மட்டும்னுதான் தெரியல.”

சவுரிராயன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அழுதுகொண்டே இருந்தார், பூமாலைதான் எடுத்தாள். பதிவு செய்த குரல் ஒன்று இனிமையாகப் பேசியது. “வணக்கம். துயரச் செய்தி நயமுரைப்புத் துறை. இன்று உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட செய்தி தெளிவாக இருந்ததா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்.”

பூமாலை ஒன்றை அழுத்தினாள்.

“ஏம்மே அமுக்கன? அந்த நாசமாப் போறவனுங்களுக்கு எதுக்கு அமுக்கன?” என்றார் சவுரிராயன்.

“நீ தெளிவாத்தானய்யா சொன்ன” என்றாள் அவள். கண்ணை முந்தானையில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு மகனுக்குப் போன் போட்டாள்.

“அறிவு, சாப்பிட்டியாடா? ... நான் நல்லாத்தான் பேசறேன், நீ கேளு. டாக்டரு சொல்லிட்டாங்க. புத்துநோவுதான், முத்திப் போச்சி. கிறிஸ்மஸுக்கு நான் இருக்கமாட்டேன்டா. நீ இப்பவே லீவு போட்டுக்கினு வா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பூமாலை போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

“அழுவுடா” என்றாள். “அழுவு. நான் லைன்லதான் இருக்கேன்.”